கழுவெளிக்கு வந்த விருந்தாளிகளும் நம் வயல் கணக்கும்

சென்ற மாதம் வானூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை ஆசிரியர் என்னிடம் கொடுத்தார். கடிதம் இதுதான்:

"ஐயா, எங்கள் ஊருக்குக் கிழக்கே இருக்கும் கழுவெளியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்துவிட்டார்கள். காரில் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். நவரை நட்ட மூன்றாம் நாள் என் வயலில் நீலக்கோழி இறங்கி நாற்றைப் பிடுங்கிப் போடுகிறது. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. பறவைக்கு இடம் கொடுத்தாயிற்று. பக்கத்தில் பயிர் வைக்கும் எனக்கு இதில் என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பினால் அவருக்கும் நிறைவு இருக்காது, எனக்கும் இருக்காது. அதனால் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அதிகாலையிலேயே திண்டிவனத்திலிருந்து புறப்பட்டேன். பிரம்மதேசம், முருக்கேரி வழியாக மரக்காணம் சாலையில் போய், அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கழுவெளிக் கரையில் இறங்கும்போது இன்னும் சூரியன் வரவில்லை.

"சார், சின்ன வயசுல இருந்து பாக்கறேன். இதுல புதுசா என்ன பாக்கப் போறோம்?" என்றார் அவர். கையில் இருந்த தொலைநோக்கியை அவரிடம் கொடுத்தேன்.

கரையில் கண்டவை

கழுவெளி ஒரே தண்ணீர் கொண்ட ஏரி அல்ல. மேற்கே உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிரம்பி வழியும் மழைநீர் ஓடைகள் வழியாக இங்கே வந்து சேர்கிறது. எடையன்திட்டு முகத்துவாரத்தின் வழியாகக் கடல் நீர் உப்புக்கழிக்குள் ஏறி வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் உவர்நீர். ஒரு பக்கம் நல்ல தண்ணீரில் சம்பு வளர்ந்து நிற்கும். இன்னொரு பக்கம் உவர்ச் சேற்றில் அலையாத்திச் செடிகள் மிச்சம் மீதியாக நிற்கும். தென்னிந்தியக் கிழக்குக் கடற்கரையில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது.

தண்ணீர் இப்படிப் பலவகையாக இருப்பதால்தான் பறவையும் பலவகையாக வருகிறது. முதலில் கண்ணில் பட்டவை கூழைக்கடாக்கள். பெரிய உடம்பு, பை போன்ற அலகு. வரிசையாக நீந்திக்கொண்டே மீனை ஒரு பக்கமாக ஒதுக்கி, ஒரே நேரத்தில் அலகை முக்கின. நம்மூர் மீனவர் வலை வளைக்கும் முறையேதான். ஆழம் குறைந்த இடத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் அலகைத் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு நின்றன. அலகில் மீன் பட்டதும் டக்கென்று மூடிக்கொள்ளும். அதற்கும் அப்பால், சேறும் தண்ணீரும் சேரும் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள்.

நண்பர் வெகுநேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை. "இது தலைய கவுத்து வெச்சிக்கிட்டு என்ன சார் பண்ணுது?" என்று கேட்டார்.

பூநாரை அலகைத் தலைகீழாக வைத்துத்தான் சாப்பிடும். சேற்றுநீரை உறிஞ்சி, சல்லடை போல வடிகட்டி, நுண்ணுயிர்களையும் பாசியையும் சிறு இறால்களையும் மட்டும் விழுங்கும். அந்த இளஞ்சிவப்பு நிறமே அது தின்னும் உணவிலிருந்து ஏறுவது. கேரட்டில் இருக்கும் அதே வகை நிறமிதான். உணவு சரியில்லாத இடத்தில் பூநாரை வெளுத்துப்போகும். பயிரின் இலை நிறத்தைப் பார்த்துச் சத்துக் குறையைக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா? அதுபோல வைத்துக்கொள்ளுங்கள்.

வாத்துகளில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மூன்றையும் பார்த்தோம். சேற்றுத் திட்டில் கருவால் மூக்கன்கள் நீண்ட அலகைக் கண்வரை குத்திப் புழு எடுத்துக்கொண்டிருந்தன. இவை மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை. ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி, சித்திரையில் திரும்பிவிடும். இவற்றின் உறவுக்காரப் பறவை ஒன்று, பட்டைவால் மூக்கன், 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்தது. முதுகில் பொருத்திய கருவி இதைக் காட்டியது. அப்போது அந்தப் பறவைக்கு வயது ஐந்து மாதம்தான்.

இப்படி வருகிறவை இறங்கி ஓய்வெடுக்கவும் கொழுப்புச் சேர்க்கவும் இடம் வேண்டும். மத்திய ஆசியப் பறவை வழித்தடம் என்று சொல்லப்படும் பாதையில் கழுவெளி ஒரு சத்திரம். அதனால்தான் 2021 டிசம்பரில் வானூர், மரக்காணம் வட்டங்களில் 5,151.60 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இது ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஈரானில் உள்ள ராம்சார் என்ற ஊரில் 1971 பிப்ரவரி 2ஆம் தேதி நீர்நிலைகளைக் காக்க நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. அந்த ஊரின் பெயரே பட்டியலுக்கும் வந்தது. இந்தியா 1982இல் சேர்ந்தது.

"எனக்கு என்ன?" என்ற கேள்விக்கு முதல் பதில்: தண்ணீர்

கரையில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த டீயைக் குடித்தபடி அவர் கேள்விக்கு வந்தோம்.

கடலோர நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கனம் கூடியது, நல்ல தண்ணீர் கனம் குறைந்தது. கடலோர மணற்பாங்கான பூமிக்கு ஒரு பழைய ஏட்டுக் கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல தண்ணீர் ஒரு அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலே ஏறலாம். எல்லாப் பூமியிலும் இது அப்படியே நடக்காது. நடுவில் களிமண் படுகை இருந்தால் மாறும். ஆனால் போக்கு இதுதான். போர் ஆழத்தைக் கூட்டக் கூட்ட உப்பு வந்ததாக வானூர், மரக்காணம் பக்கத்து விவசாயிகள் பலர் என்னிடம் மண் பரிசோதனைக்கும் தண்ணீர் பரிசோதனைக்கும் வந்திருக்கிறார்கள்.

கழுவெளியில் மழைநீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்பது அந்த உப்பு ஏறாமல் அழுத்திப் பிடிக்கும் பாரம். அதோடு வெள்ளத்துக்கும் அது வடிகால். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீருக்குப் பரந்து விரிய ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை மேடாக்கிக் கட்டடம் கட்டினால் தண்ணீர் நம் வயலையும் வீட்டையும்தான் தேடி வரும்.

"இது பறவைக்காகன்னு சொல்றாங்க. தண்ணிக்காகன்னு யாரும் சொல்லலியே" என்றார் நண்பர். உண்மைதான். இதை நாங்கள் கிராமத்தில் வந்து முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாம் பதில்: கூலி வாங்காத ஆட்கள்

திரும்பும் வழியில் ஒருவர் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தார். பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடந்துபோயின. நண்பரிடம் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கொக்கை மட்டும் நான் கவனித்தேன். ஐந்து நிமிடத்தில் 14 தடவை கொத்தியது. எல்லாக் கொத்தும் புழு என்று சொல்ல மாட்டேன். வெட்டுக்கிளி, புரட்டிய மண்ணில் வெளிவந்த கூட்டுப்புழு, மண்புழு எல்லாம் உண்டு. ஆனாலும் அந்த வயலில் முப்பதுக்கு மேல் கொக்குகள் இருந்தன.

திண்டிவனம் பக்கம் மானாவாரி மணிலா போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் கூட்டுப்புழு கோடை முழுவதும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. கோடை உழவு செய்யுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு காரணம், அந்தக் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் சாகும், மைனாவும் கொக்கும் காக்கையும் பொறுக்கும். பறவை இல்லாத ஊரில் கோடை உழவின் பாதிப் பயன் போய்விடும்.

இன்னும் சிலரைப் பட்டியலிடுகிறேன்:

நத்தைக்குத்தி நாரை: மூடினாலும் அலகின் நடுவில் இடைவெளி இருக்கும். வயலில் நத்தையையும் நண்டையும் தின்னும். வரப்பை ஓட்டை போடும் நண்டு குறைய இதுவும் ஒரு காரணம்.

கரிச்சான்: இரட்டைவால் குருவி என்று நாம் சொல்வது. பறக்கும் அந்துப்பூச்சியை அந்தரத்தில் பிடிக்கும். உட்கார ஒரு குச்சி வைத்தால் போதும்.

கூகை: வெள்ளை முகம் கொண்ட ஆந்தை வகை. பாழடைந்த வீட்டிலும் கோயில் கோபுரத்திலும் இருக்கும். பெரும்பாலும் எலியே இதன் உணவு. அபசகுனம் என்று கல்லால் அடிக்கிறோம். அடித்துவிட்டு எலிக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம்.

பூனைப்பருந்து: குளிர்காலத்தில் வந்து சம்புக் காட்டின் மேலும் தரிசின் மேலும் தாழப் பறக்கும். எலி, தவளை, வெட்டுக்கிளி இதன் இரை.

நெல்லில் ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கிகள் வையுங்கள். ஆங்கில "டி" எழுத்து போல ஒரு குச்சியும் குறுக்குக் குச்சியும் போதும். பயிரைவிட ஒன்றிரண்டு அடி உயரம் இருக்கட்டும். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிக்கு அதுவே ஆசனமாகிவிடும்.

நான் செய்த தவறு

இதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை.

1990களில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு கிராமத்தில் மணிலாவில் கம்பளிப்புழு கூட்டம் கூட்டமாக வந்தது. மோனோகுரோட்டோபாஸ் தெளிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அப்போது எல்லோரும் எழுதிய மருந்துதான். விவசாயி நான் சொன்னதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெளித்துவிட்டார். மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். செத்துக்கொண்டிருந்த புழுக்களைப் பொறுக்கித் தின்ற மைனாக்களும் கொக்குகளும் வரப்பு ஓரமாகக் கிடந்தன. சில உயிரோடு இருந்தன, எழுந்து நிற்க முடியவில்லை. விவசாயியின் பேரன் ஒரு மைனாவைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்துப் பார்த்தான். நான் அதன் கண்ணைப் பார்க்காமல் புழு செத்த விகிதத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். என் அறிக்கையில் பறவைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த ஆண்டு அதே வயலில் புழு குறைந்ததா என்றால், குறையவில்லை.

பின்னாளில் ஒரு செய்தி படித்தேன். 1995-96இல் அர்ஜென்டினாவில் வெட்டுக்கிளிக்கு இதே மருந்தைத் தெளித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து குளிர்காலத்துக்கு வந்திருந்த ஒரு வகைப் பருந்து அந்த வெட்டுக்கிளிகளைத் தின்று ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தது. அந்தப் பருந்தின் முக்கிய உணவே வெட்டுக்கிளி. விவசாயிக்கு உதவ வந்ததைத்தான் கொன்றார்கள். நம் நாட்டில் இந்த மருந்தைக் காய்கறிக்குப் பயன்படுத்த 2005இல் தடை வந்தது. 2023இல் 36 சதவீதத் திரவத்துக்கே தடை ஆணை வந்தது. வீட்டில் பழைய புட்டி கிடந்தால் எடுத்துத் தெளிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

சீனாவில் 1958இல் குருவி தானியத்தைத் தின்கிறது என்று நாடு முழுக்கக் கொன்றார்கள். தட்டு, தாம்பாளம் தட்டி உட்கார விடாமல் விரட்டியே கொன்றார்கள். பிறகு பூச்சியும் வெட்டுக்கிளியும் பெருகியதைப் பார்த்து 1960இல் ஒழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். அதே சீனாவின் மேற்கே, சின்ஜியாங் பகுதியில் இன்று சூறைக்குருவிக்குக் கல்லால் கூடு கட்டிக் கொடுக்கிறார்கள், மேய்ச்சல் நிலத்து வெட்டுக்கிளியைத் தின்னட்டும் என்று. அந்தச் சூறைக்குருவியேதான் குளிர்காலத்தில் நம் ஊருக்கு வந்து கம்பிலும் சோளத்திலும் கூட்டமாக இறங்குகிறது. சோளக்குருவி என்று பெயர் வைத்து நாம் திட்டுகிறோம். அங்கே அதுவே காவல்காரன். ஒரே பறவை, இரண்டு ஊரில் இரண்டு கணக்கு.

நஷ்டமும் உண்டு

பறவையால் நன்மை மட்டுமே என்று நான் சொன்னால் நண்பர் என்னைக் கழுவெளியிலேயே இறக்கிவிட்டிருப்பார். அவர் வயலைப் போய்ப் பார்த்தேன். நீலத் தாழைக்கோழி வாய்க்கால் ஓரத்து நான்கு வரிசை நாற்றைப் பிடுங்கிப் போட்டிருந்தது. குருத்தின் அடித்தண்டை மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும் பறவை அது.

அவருக்குச் சொன்னவை இவை. ஒன்று, சம்புப் புதரை ஒட்டிய மடையில் மட்டும்தான் இது அதிகம். புதரிலிருந்து நேராக வயலுக்குள் நடந்து வரும் பறவை என்பதால், அந்தப் பக்க வரப்பில் மட்டும் பழைய மீன்வலையை இரண்டடி உயரத்துக்குக் கட்டினால் பெரும்பகுதி குறையும். கண்ணி அகலமான வலை வேண்டாம். காலோ கழுத்தோ சிக்கிக்கொள்ளும். இரண்டு, நட்ட முதல் 15 நாள்தான் ஆபத்து. அந்த நாட்களில் காலை, மாலை ஒரு ஆள் நடந்து வந்தாலே போதும். மூன்று, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நட்டால், முதலில் நட்டவர் வயலில் எல்லாப் பறவையும் இறங்கும். பக்கத்து வயல்காரர்கள் பேசி ஒரே வாரத்தில் நட்டால் சேதம் பரவிக் குறையும்.

கதிர் முற்றும்போது குருவிக்கும் கிளிக்கும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியும் பளபளக்கும் நாடாவைக் கட்டலாம். வடக்கு தெற்காக, பயிருக்கு மேல் ஒரு அடி உயரத்தில், இரண்டு மூன்று முறுக்கு கொடுத்துக் கட்டினால் வெயிலில் மின்னும், காற்றில் ஒலிக்கும். முற்றும் சமயத்து இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். முன்பே கட்டிவிட்டால் பறவைக்குப் பழகிவிடும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. நெல்லில் குருணை மருந்தைக் கலந்து வாத்துக்கு வைப்பது. இந்தப் பக்கம் இப்படி வாத்துப் பிடித்து, கறிக்கு விற்கிறவர்களைப் பற்றி நண்பரே சொன்னார். சட்டப்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த மருந்து பறவையின் குடலிலும் கறியிலும் இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம். நம் வீட்டுக் கோழி அந்த நெல்லைப் பொறுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கீழ்ப்புத்துப்பட்டுக் காட்டில்

வெயில் ஏறியபின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டில் நுழைந்தோம். கடற்கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடு இது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை முழுக்க இருந்தது. இன்று கோயிலைச் சுற்றியும் சில காப்புக் காடுகளிலும்தான் துண்டு துண்டாக மிச்சம். காசான், வீரை, பாலை, கருங்காலி என்று மரங்கள் இலை உதிராமல் நிற்கும். காட்டைக் காத்தது சாமி பயம். கோயில் காட்டில் குச்சி ஒடிக்கக்கூடாது என்ற ஒரே சொல்.

சருகுக்குள் ஏதோ தத்தித் தத்திப் போயிற்று. ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு. விடியலிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரக் காட்டிலும் வட, நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வரும். பகலில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். சருகு கூட்டி எரித்த தோப்பில் இதைப் பார்க்க முடியாது.

மாங்குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி எல்லாம் பழம் தின்று விதையைத் தொலைவில் எச்சமாகப் போடுகின்றன. நம் வரப்பில் வேம்பை யார் நட்டார்கள்? வேலியில் நாவலும் கோவையும் யார் நட்டது? அந்த வேம்பின் கொட்டையைத்தான் பொறுக்கி, இடித்து, ஐந்து சதக் கரைசலாகத் தெளிக்கிறோம்.

நம் வடக்கே, மதுராந்தகம் அருகே வேடந்தாங்கல் விவசாயிகள் இதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கிறது என்று கண்டு, வெடி வெடிக்காமல், சுட வருகிறவர்களை விரட்டிக் காத்தார்கள். அவர்கள் முறையிட்டதன் பேரில் 1798இல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் கொல்லக் கூடாதென்று உத்தரவு கொடுத்தார். நாட்டின் பழமையான பறவைக் காப்பிடங்களில் ஒன்றை உண்டாக்கியவர்கள் நஞ்சை விவசாயிகள்தான். காட்டிலாகா அப்போது பிறக்கவே இல்லை.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: சரணாலயம் என்றால் பக்கத்து நிலத்தில் உழக்கூடாது, போர் போடக்கூடாது என்கிறார்களே?*

சரணாலயம் என்பது அறிவிக்கையில் கண்ட சர்வே எண்களுக்கு உட்பட்டது. வதந்தியை நம்பாமல் உங்கள் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வனச்சரக அலுவலகத்திலோ கேளுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கைக்குப் பின் உள்ளே உரிமை கோருகிறவர்களை மாவட்ட ஆட்சியர் விசாரிக்க வேண்டும். மேய்ச்சல், வழி, தண்ணீர் போன்ற அனுபோகம் இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

*கேள்வி: மருந்து தெளித்த பின் கைத்தெளிப்பானை ஓடையில் கழுவுகிறோம். அது எவ்வளவு தண்ணீர்? கலந்து போய்விடாதா?*

உங்கள் ஓடை கழுவெளிக்குப் போகிறது. நூறு பேர் கழுவினால் எல்லாம் ஓரிடத்தில் சேரும். மீன் குஞ்சுக்கும் இறால் குஞ்சுக்கும் மிகச் சிறிய அளவே போதும். காலிப் புட்டியைத் தெளிக்கும்போதே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பானிலேயே ஊற்றித் தெளித்துவிடுங்கள். தெளிப்பானை வயலுக்குள்ளேயே கழுவுங்கள். புட்டியை ஓட்டை போட்டு வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

*கேள்வி: மாட்டுக்குக் காய்ச்சல் ஊசி போடுவதற்கும் கழுகு அழிந்ததற்கும் சம்பந்தம் உண்டா?*

பிணந்தின்னிக் கழுகுக்கு உண்டு. டைக்ளோபினாக் ஊசி போட்ட மாடு செத்து, அந்தக் கறியைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. 2006இல் மாட்டுக்கு இதைப் பயன்படுத்தத் தடை வந்தது. மனிதருக்கான டைக்ளோபினாக்கை மாட்டுக்குப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெலாக்சிகாம் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

*கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு. பறவை பார்க்க ஆசைப்படுகிறாள். என்ன வாங்கித் தர வேண்டும்?*

முதலில் ஒரு நோட்டும் பேனாவும். நாள், நேரம், எந்த வயல், என்ன பறவை, எத்தனை, என்ன செய்தது என்று எழுதட்டும். க. ரத்னம் எழுதிய "தமிழ்நாட்டுப் பறவைகள்" பள்ளி நூலகத்தில் கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள். தொலைநோக்கி பின்னால் வாங்கலாம். வாங்கினால் 8 மடங்கு பெரிதாக்கும் வகை போதும், அதற்கு மேல் கை ஆடும். பச்சை, காக்கி, மண் நிறத்தில் உடை போட்டுக்கொண்டு, வெயிலை முதுகில் வாங்கியபடி நின்று பாருங்கள். கூடு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டாம். தைப் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் உங்கள் வயல் வரப்பில் நின்று எண்ணினாலே அதில் சேரலாம். பிள்ளைகளைத் தனியாகத் தண்ணீர்க் கரைக்கு அனுப்பாதீர்கள். கழுவெளிச் சேறு ஆளை இழுக்கும்.

கடைசியாக

மாலையில் நண்பரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். "சார், நாத்து போனது போனதுதான். அதுக்கு நீங்க பதில் சொல்லல" என்றார். ஆமாம், சொல்லவில்லை. சரணாலயத்தை ஒட்டிய வயலில் பறவை சேதத்துக்கு நிவாரணம் வேண்டுமென்றால் தனி ஆளாகப் புலம்பிப் பயனில்லை. சேதத்தை அன்றே தேதி தெரியும்படி படம் எடுங்கள். பரப்பையும் நட்ட நாளையும் எழுதுங்கள். உதவி வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரே மனுவாக மாவட்ட விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், நகல் வனத்துறைக்கும் போகட்டும். பத்து வயலின் கணக்கு கையில் இருந்தால் நாங்கள் பேசுவதற்கும் பிடி கிடைக்கும். அவர் வயலின் அளவை அன்றே டார்ச் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் போன் செய்தார். மீன்வலை கட்டியிருக்கிறாராம், நீலக்கோழி குறைந்திருக்கிறதாம், முழுக்க நிற்கவில்லையாம். பேச்சை முடிக்கும்போது, "சார், அந்தச் செவப்புப் பறவ எப்பத் திரும்பிப் போவும்?" என்று கேட்டார். வெயில் ஏறித் தண்ணீர் வற்றும்போது இடம் மாறும் என்றேன். பேரப்பிள்ளைகளை அதற்குள் ஒரு நாள் கூட்டிப்போக வேண்டுமாம்.